பக்கெட்டுக்கு நேரமுத்திரை: கெர்னலுக்குள் எந்த இடத்தில், எந்த மணிக்கூட்டில் குத்துவது

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் மூன்று விடை கிடைக்கும். முன்சில்லு வாசலுக்குள் நுழைந்த நேரம் ஒன்று. பயணி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய நேரம் இன்னொன்று. கொண்டக்டர் போய் யன்னலில் லொக் ஷீட்டை நீட்ட, நேரக்கணிப்பாளர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்த நேரம் மற்றது. மூன்றுமே பொய்யில்லை. ஆனால் பஸ் பிந்தியதா இல்லையா என்று வாக்குவாதம் வந்தால், எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

நெட்வேர்க் பக்கெட்டின் நேரமுத்திரையும் இப்படித்தான். அதை எங்கே குத்தினார்கள், எந்த மணிக்கூட்டைப் பார்த்துக் குத்தினார்கள் என்ற இரண்டையும் பெரும்பாலானோர் கேட்டுவிடுவார்கள். மூன்றாவது கேள்வியைத்தான் மறப்பார்கள்: அந்தப் புலத்தில் இருக்கும் எண்ணுக்கு இந்தக் கணத்தில் என்ன அர்த்தம்? லினக்ஸ் கெர்னலில் கடிபட வைக்கும் பிழைகள் அதிகம் அங்கேதான் கிடக்கின்றன.

கீழே சொல்வதெல்லாம் லினக்ஸுக்கு உரியது. ஃபங்ஷன் பெயர்களையும் மாறிலிகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறோம். செய்து பார்க்க இரண்டு பழைய கணினி, ஒவ்வொன்றிலும் இன்டெல் ஐ210 போன்ற ஹார்ட்வேர் முத்திரை தரும் கார்ட், நடுவில் சுவிட்ச் இல்லாமல் நேரடியாகப் பொருத்திய இரண்டு மீற்றர் கேபிள், 5.18 அல்லது அதற்குப் பிந்திய கெர்னல் போதும். சுவிட்சைப் பிறகு சேர்க்கலாம். முதலிலேயே சேர்த்தால் தாமதம் கார்டில் வந்ததா சுவிட்சில் வந்ததா என்று பிரிக்க முடியாது.

உள்ளே வரும் வழி

கம்பியில் வந்த ஃபிரேம் முதலில், ஃபிரேமை வாங்கி அனுப்பும் கார்டின் மேக் பகுதிக்குப் போகிறது. ஹார்ட்வேர் முத்திரை விழும் இடம் அதுதான். பின் டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியுவின் கை படாமல், நினைவகத்தின் ரிங் பஃபரில் இறங்குகிறது. கார்ட் இன்டரப்ட் அடிக்கிறது. நாபியின் போலிங், அதாவது பக்கெட் இருக்கிறதா என்று கெர்னலே போய்ப் பார்த்து அள்ளும் வேலை, ஓடுகிறது. ட்ரைவர், பக்கெட்டைக் கெர்னல் வைத்திருக்கும் கட்டமைப்பான எஸ்கே_பஃப் (சுருக்கமாக எஸ்கேபி) ஒன்றைக் கட்டுகிறது. ஜிஆர்ஓ ஒரே ஓட்டத்தின் பக்கெட்டுகளை ஒட்டிச் சேர்க்கிறது. இவ்வளவும் முடிந்து, நெட்இஃப்_ரிசீவ்_எஸ்கேபி வழியில் நெட்_டைம்ஸ்டாம்ப்_செக் என்ற இடத்தில்தான் சொஃப்ட்வேர் முத்திரை விழுகிறது. அங்கே கேடைம்_கெட்_ரியல் கூப்பிடப்பட்டு, விடை எஸ்கேபியின் டிஸ்டாம்ப் புலத்தில் 64 பிட் நானோசெக்கனாக எழுதப்படுகிறது.

ஆகவே சொஃப்ட்வேர் முத்திரை என்பது பக்கெட் வந்த நேரம் அல்ல, கெர்னல் அதைக் கையில் எடுத்த நேரம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு கிகாபிட் இணைப்பில் ஆகச் சிறிய 64 பைட் ஃபிரேம், முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்து 84 பைட், கம்பியில் 672 நானோசெக்கன் எடுக்கும். 1518 பைட் ஃபிரேமுக்கு 12.3 மைக்ரோசெக்கன். கார்டின் இன்டரப்டைச் சேர்த்தடிக்கும் அமைப்பு 50 மைக்ரோசெக்கன் என்று இருந்தால், அந்த இடைவெளிக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட சிறிய பக்கெட்டுகள் வந்து காத்திருக்கும். பிறகு நாபி அவற்றை ஒரே மூச்சில் அள்ளும்போது எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம் விழும். மூன்று பஸ் வரும்வரை வெளியே தேநீர் குடித்துவிட்டு வந்து, மூன்றுக்கும் ஒரே நேரத்தை எழுதும் நேரக்கணிப்பாளர் போல.

இதைக் குறைக்க, கார்டின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளையின் சிறிய அல்ல, பெரிய சி தெரிவில் ஆர்எக்ஸ்-யுசெக்ஸ் மதிப்பை 0 ஆக்குங்கள். ஜிஆர்ஓவையும் அணையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய பத்துப் பக்கெட்டுக்கும் ஒரே ஒரு சொஃப்ட்வேர் முத்திரைதான் கிடைக்கும். இரண்டுக்கும் சிபியுவில் விலை கொடுக்க வேண்டும். அளக்கும் கணினியில் செய்யுங்கள், சேவை கொடுக்கும் கணினியில் வேண்டாம்.

நெட்.கோர்.நெட்டெவ்_டிஸ்டாம்ப்_பிரிக்யூ என்றொரு சிஸ்கன்ட்ரோல் அமைப்பும் இருக்கிறது. இயல்பாக 1. அப்படியென்றால் பக்கெட்டை வேறு சிபியுவுக்குப் பகிர்வதற்கு முன்னமே முத்திரை விழும். 0 ஆக்கினால் பகிர்ந்த பிறகு விழும். முத்திரை குத்தும் சுமை பல சிபியுக்களுக்குப் பரவும், ஆனால் வரிசையில் காத்த நேரமும் முத்திரைக்குள் கலந்துவிடும். தாமதம் அளப்பவர் இதை 1 ஆகவே விட்டுவிடுங்கள்.

முத்திரை குத்துவது இலவசம் இல்லை. எக்ஸ்86 கணினியில் மணிக்கூட்டு மூலம் சிபியுவுக்குள்ளேயே இருக்கும் எண்ணியான டிஎஸ்சியாக இருந்தால் ஒரு வாசிப்புக்குச் சில பத்து நானோசெக்கன். டிஎஸ்சியை நம்பமுடியாது என்று கெர்னல் தீர்மானித்து சிபியுவுக்கு வெளியே உள்ள எச்பெட் அல்லது ஏசிபிஐ_பிஎம் மணிக்கூடுகளின் பக்கம் இறங்கிவிட்டால் மைக்ரோசெக்கன் கணக்குக்கு ஏறும். செக்கனுக்கு 10 லட்சம் பக்கெட் வரும் பெட்டியில் அதுவே ஒரு சிபியுவை முழுதாகத் தின்றுவிடும். சிஸ்எஃப்எஸ்ஸில் கிளொக்சோர்ஸ்0 அடைவுக்குள் தற்போதைய மூலம் எது என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

இந்தச் செலவுக்காகத்தான் யாரும் கேட்காதவரை கெர்னல் முத்திரையே குத்துவதில்லை. நெட்ஸ்டாம்ப்_நீடட்_கீ என்ற ஸ்டாடிக் கீ (கெர்னலுக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச்) அணைந்திருக்கும். ஏதாவதொரு சொக்கெட், அதாவது ஒரு நிரல் வலையமைப்போடு பேசத் திறந்த வாசல், கேட்டவுடன் நெட்_எனேபிள்_டைம்ஸ்டாம்ப் அதை முழுக் கணினிக்கும் எரியவிடும். முழுக் கணினிக்கும் என்பதை நினைவில் வையுங்கள், கீழே இது நம்மைத் தேடி வரும்.

எந்த மணிக்கூடு

உள்ளே வரும் பக்கெட்டின் சொஃப்ட்வேர் முத்திரை ரியல்டைம் மணிக்கூட்டில், அதாவது 1970 தொடக்கத்திலிருந்து யுடிசி. உள்ளூர் நேரம் கெர்னலுக்கு வேண்டாத விஷயம். இலங்கையில் இதைச் சொல்லித்தர வேண்டிய தேவையே இல்லை: 1996 மேயில் ஆறரை மணிக்கு மாறினோம், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாக்கினோம், 2006 ஏப்ரலில் திரும்பவும் ஐந்தரைக்கு வந்தோம். லொக் கோப்பில் உள்ளூர் நேரம் எழுதிவைத்தவர்கள் இதையெல்லாம் பின்னால் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தரையைக் கூட்டுவது திரையில் காட்டும்போது மட்டும்.

ஆனால் அந்த ஐந்தரை மணி வேறொரு வாசலால் உள்ளே வரும். வீட்டுக் கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்தால், விண்டோஸ் மதர்போர்டின் மணிக்கூட்டில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸ் அதை யுடிசி என்று வாசித்து, 19,800 செக்கன் முந்தி எழும்பும். இணையம் கிடைத்து, நேரம் திருத்தும் நிரலான குரோனி திருத்தும்போது நேரம் ஒரேயடியாகப் பின்னால் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு இரண்டு பக்கமும் பிடித்த பக்கெட்டுகளின் வித்தியாசம் மைனஸ் 19,800 என்று வரும்.

அதனால் இரண்டு நிகழ்வுக்கு இடைப்பட்ட நேரம் வேண்டுமென்றால் கேடைம்_கெட் தரும் மொனோடொனிக் மணிக்கூட்டைப் பாவியுங்கள். அது பின்னால் போகாது. கணினி தூங்கிய நேரமும் சேரவேண்டுமானால் கேடைம்_கெட்_பூட்டைம். இரண்டு கணினிக்கு இடையே ஒப்பிட வேண்டுமானால் ரியல்டைம் அல்லது டிஏஐ (லீப் செக்கன் சேராத சர்வதேச அணு நேரம்). டிஏஐ மணிக்கூடு 2017 ஜனவரி 1 முதல் யுடிசியைவிட 37 செக்கன் முந்தி நிற்கிறது. ஆனால் கெர்னல் பூட் ஆகும்போது அந்த 37 அதற்குத் தெரியாது; 0 என்றே வைத்திருக்கும். வேறொரு நிரல் வந்து சொன்னால்தான் உண்டு. கெர்னலின் டிஏஐ மணிக்கூட்டை நம்பிப் பக்கெட் அனுப்பும் நேரத்தைக் குறிக்கும் நிரல் எழுதுபவர்கள் முதலில் விழும் குழி இது.

கார்டிலிருக்கும் மணிக்கூடு இவை எல்லாவற்றுக்கும் வெளியே தனி ஆள். அதற்குத் தன் படிகம், தன் ஓட்டம். ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிழை என்றால் நாளுக்கு 86.4 மில்லிசெக்கன். 50 பிபிஎம் படிகம் நாளுக்கு 4.3 செக்கன் விலகும். ஏசி ஓடும் அறையில் அளந்த விலகல், கரண்ட் போய் அறை கொதிக்கத் தொடங்கியதும் மாறிவிடும். ஒருமுறை அளந்து மாறிலியாக எழுதிவைத்த திருத்தம் இங்கே வேலைக்கு உதவாது. கார்ட் மணிக்கூட்டையும் கணினி மணிக்கூட்டையும் ஒத்துவைக்கும் பிஎச்சி2சிஸ் போன்ற நிரல் தொடர்ந்து ஓடவேண்டும்.

சொக்கெட்டில் கேட்பது

பழைய எஸ்ஓ_டைம்ஸ்டாம்ப் மைக்ரோசெக்கனிலும், எஸ்ஓ_டைம்ஸ்டாம்ப்என்எஸ் நானோசெக்கனிலும் உள்ளே வந்த நேரத்தை மட்டும் தரும். அதற்குமேல் வேண்டுமானால் 2.6.30 முதல் இருக்கும் எஸ்ஓ_டைம்ஸ்டாம்பிங். அதற்குக் கொடுக்கும் எண், பல பிட்டுகளின் கூட்டு. அனுப்பும்போது ஹார்ட்வேர் 1, சொஃப்ட்வேர் 2. வாங்கும்போது ஹார்ட்வேர் 4, சொஃப்ட்வேர் 8. இந்த நான்கும் முத்திரையைக் குத்தச் சொல்பவை. குத்தியதை எனக்குக் கொண்டுவந்து தா என்று சொல்பவை வேறு: சொஃப்ட்வேருக்கு 16, ஹார்ட்வேருக்கு 64. புதிதாக எழுதுபவர் 4ஐப் போட்டுவிட்டு 64ஐ விட்டுவிடுவார். கார்ட் முத்திரை குத்தும், எஸ்கேபியில் ஏறும், சொக்கெட் வரிசை வரைக்கும் வரும். நிரலுக்கு மட்டும் வராது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வாங்குவதற்குச் சொஃப்ட்வேர் மட்டும் போதுமென்றால் 8 + 16 = 24.

அனுப்பும் முத்திரைக்கு இன்னும் இரண்டு சேர்க்கவேண்டும். 128 ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுக்கும். அது இல்லாமல் எந்த முத்திரை எந்தப் பக்கெட்டுக்கு என்று பிரிக்க முடியாது. 2048 போட்டால் முத்திரை மட்டும் திரும்பிவரும், பக்கெட்டின் உள்ளடக்கம் வராது, நினைவகம் மிச்சம். எல்லாவற்றையும் கூட்டினால் 2271. அனுப்பும்போது சொஃப்ட்வேர், ஹார்ட்வேர் இரண்டு முத்திரையும் வேண்டுமென்றால் 16,384ஐயும் கூட்டி 18,655 ஆக்குங்கள். கூட்டாவிட்டால் ஹார்ட்வேர் முத்திரை வரப்போகிறது என்று தெரிந்தவுடன் கெர்னல் சொஃப்ட்வேர் முத்திரையைத் தராமல் விட்டுவிடும்.

விடை ரிசீவ்எம்எஸ்ஜியின் கட்டுப்பாட்டுப் பஃபரில் மூன்று நேரங்களாக வரும். முதலாவது சொஃப்ட்வேர். இரண்டாவது கைவிடப்பட்ட இடம், எப்போதும் வெறுமை. மூன்றாவது ஹார்ட்வேர். மூன்றும் சேர்ந்து 48 பைட், தலைப்புடன் 64. அனுப்பிய முத்திரைக்கு இதனுடன் பிழை விவரக் கட்டமைப்பும் ஒட்டிவரும். ஐபிவி4இல் இன்னும் 48 பைட். 64 பைட் பஃபரை மட்டும் வைத்துவிட்டு இலக்கம் வரவில்லையே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 256 பைட் வையுங்கள்; பஃபர் போதாமல் வெட்டுப்பட்டதைச் சொல்லும் எம்எஸ்ஜி_சிட்ரங்க் ஃபிளாக் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அனுப்பிய முத்திரை பிழை வரிசையில் வரும். எம்எஸ்ஜி_எர்க்யூ கொடுத்து வாசிக்க வேண்டும். போலிங் செய்யும்போது நீங்கள் கேட்காவிட்டாலும் போல்எர் என்ற பிழை அடையாளம் எழும்பும். அதைக் கவனிக்காத நிரல் சுற்றிக்கொண்டே நூறு வீதம் சிபியுவைத் தின்னும். வாசிக்காமல் விட்டால் அந்த வரிசை சொக்கெட்டின் வாங்கும் பஃபர் கணக்கில் சேர்ந்து நிரம்பி, புதிய முத்திரைகள் சத்தமில்லாமல் தொலையும். இன்னொன்று: அனுப்பிய பக்கெட்டின் முத்திரை வருமுன் எதிர்ப்பக்கத்துப் பதிலே வந்துவிடலாம். அந்த வரிசையை எதிர்பார்த்து எழுதுங்கள்.

டிசிபியில் இலக்கம் பைட் கணக்கில் வரும், பக்கெட் கணக்கில் அல்ல. ஒரு சென்டில் 1000 பைட் அனுப்பினால் கிடைக்கும் முத்திரை கடைசிப் பைட்டுக்கு உரியது, இலக்கம் 999.

முதல் சில பக்கெட்டுகளைப் பற்றி எச்சரிக்கை. ஸ்டாடிக் கீயை எரியவிடுவது என்றால் ஓடும் கெர்னலின் கட்டளைகளையே திருத்தி எழுதுவது. அதைப் பின்னணி வேலையாகத்தான் செய்ய முடியும். நீங்கள் கேட்டதற்கும் அது நடந்து முடிவதற்கும் இடையில் வந்த பக்கெட்டின் டிஸ்டாம்ப் 0. பழைய இரண்டு தெரிவுகளிலும் கெர்னல் இந்த 0வைக் கண்டால், நீங்கள் வாசிக்கும் நேரத்தையே முத்திரையாக எழுதித் தந்துவிடும். பார்க்க ஒழுங்கான எண். அர்த்தம் முற்றிலும் வேறு. எஸ்ஓ_டைம்ஸ்டாம்பிங் மட்டும் என்றால் முத்திரையே வராது, அது நேர்மையான நடத்தை. பைண்ட் செய்யுமுன் தெரிவை அமையுங்கள், தொடக்கத்துச் சில பக்கெட்டை அளவைக்கு எடுக்காதீர்கள்.

கார்டைத் தயார்செய்வது

ஈத்டூலின் பெரிய டி தெரிவு கார்டுக்கு என்ன முடியும் என்று சொல்லும். சொக்கெட்டில் கேட்டால் மட்டும் ஹார்ட்வேர் முத்திரை தொடங்காது. எஸ்ஐஓசிஎஸ்எச்டபிள்யூடிஸ்டாம்ப் மூலம் கார்டையும் எழுப்பவேண்டும். அதற்கு வலையமைப்பு நிர்வாக உரிமை தேவை. மூன்று எண் போகும்: ஃபிளாக் 0, அனுப்பும் வகை, வாங்கும் வடிகட்டி. திரும்பி வரும் வடிகட்டியை வாசியுங்கள். பிடிபி (கணினிகளின் நேரத்தை ஒத்துவைக்கும் நெறிமுறை) பக்கெட்டுக்கு மட்டும் கேட்டாலும், எல்லாவற்றுக்கும் குத்துகிறேன் என்று ட்ரைவர் விரித்துத் தரலாம், அது அனுமதிக்கப்பட்டது. இந்த அமைப்பு கார்ட் முழுவதற்குமானது. உங்கள் நிரல் ஒன்றை வைக்க, பிடிபியை ஓட்டும் பிடிபி4எல் நிரல் வந்து மாற்றிவைக்க, முத்திரை திடீரென நின்றதற்கு ட்ரைவரைத் திட்டுவது வழமை.

ட்ரைவர் எழுதுபவருக்கு

அனுப்பும் வழியில் எஸ்கேபி_டிஎக்ஸ்_டைம்ஸ்டாம்ப் கூப்பிடவேண்டிய இடம் ஒன்றே ஒன்று: விவரிப்புகளை ரிங்கில் எழுதி முடித்து, கார்டின் பெல்லை அடிப்பதற்குச் சற்று முன். முந்திக் கூப்பிட்டால் தயாரிப்பு நேரமும் முத்திரையில் கலக்கும். பெல்லை அடித்தபின் கூப்பிட்டால் கார்ட் அனுப்பி முடித்து, வேறொரு சிபியு அந்த எஸ்கேபியை விடுவித்தும் இருக்கலாம். பிறகு அதைத் தொடுவது விடுவித்த நினைவகத்தைத் தொடுவது. பத்து லட்சத்தில் ஒருமுறை நடக்கும், அதனால்தான் சோதனையில் அகப்படாது.

ஹார்ட்வேர் முத்திரை கேட்டிருந்தால், எஸ்கேபிடிஎக்ஸ்_இன்_புரோகிரஸ் பிட்டை அதற்கும் முன்னால் ஏற்றுங்கள். பின்னால் ஏற்றினால் மேலே சொன்ன சொஃப்ட்வேர் முத்திரையை அடக்கும் ஒழுங்கு குலைந்து, ஒரே பக்கெட்டுக்கு இரண்டு விடை போகும். எஸ்கேபி_கெட் மூலம் ஒரு பிடி வைத்துக்கொண்டு, கார்ட் விடை தந்ததும் எஸ்கேபி_டிஸ்டாம்ப்_டிஎக்ஸ் கூப்பிட்டுப் பிடியை விடுங்கள். ஐ210 போன்ற இன்டெல் கார்டுகளின் ஐஜிபி ட்ரைவர் ஒரு நேரத்தில் ஒரு பக்கெட்டின் முத்திரையைத்தான் காத்திருந்து எடுக்கும். இடையில் வருவது முத்திரையில்லாமல் போய், டிஎக்ஸ்_எச்டபிள்யூடிஸ்டாம்ப்_ஸ்கிப்ட் எண் ஒன்று கூடும். ஈத்டூலின் புள்ளிவிவரத்தில் அதைப் பார்க்கலாம். விடை வராமலே போகும் நிலைக்கும் காலவரம்பு வையுங்கள். வைக்காவிட்டால் ஒரு தொலைந்த முத்திரை அந்த இடத்தை என்றைக்கும் பூட்டிவைக்கும்.

வாங்கும் வழியில் விடையை எஸ்கேபி_எச்டபிள்யூடிஸ்டாம்ப்ஸ் தரும் இடத்தில் எழுதுங்கள். டிஸ்டாம்ப் புலத்தில் எழுதாதீர்கள். அது வேறு மணிக்கூட்டின் இடம்.

இனி, ட்ரைவர்களில் அடிக்கடி தவறும் கணக்கு. பல கார்ட் பக்கெட்டோடு நேரத்தின் கீழ் 32 பிட்டை மட்டும் தரும். 32 பிட் நானோசெக்கன் 4.294967296 செக்கனில் சுற்றிவிடும். மேல் பிட்டுகளை ட்ரைவர் தானே சேர்க்க வேண்டும். சேமித்துவைத்த முழு நேரத்தின் கீழ் 32 பிட் 4,294,000,000 என்று வையுங்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கெட் 500,000 என்ற முத்திரையோடு வருகிறது. சேமித்த நேரத்தின் மேல் பிட்டை அப்படியே எடுத்து முன்னால் ஒட்டினால், பக்கெட் 4.2935 செக்கன் முன்னமே வந்துவிட்டதாகக் காட்டும். சரியான முறை, இரண்டையும் 32 பிட்டுக்குள்ளேயே கழிப்பது:

500,000 − 4,294,000,000, சுற்றிவந்து = 1,467,296

அதாவது சேமித்த நேரத்துக்கு 1.467 மில்லிசெக்கன் பின். இந்த வித்தியாசத்தைக் குறியுள்ள 32 பிட் எண்ணாக எடுத்து முழு நேரத்தோடு கூட்டுங்கள். குறியுள்ளதாக எடுப்பதற்குக் காரணம், நேரத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே அதற்குச் சற்று முன் வந்த பக்கெட்டும் கையில் இருக்கும். அதன் வித்தியாசம் மைனஸில் வரவேண்டும். இதற்குச் சேமித்த நேரம் எப்போதும் 2.147 செக்கனுக்குள் புதியதாக இருக்கவேண்டும். அரைச் செக்கனுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள், சிபியு திணறும் நேரத்துக்கும் இடம் இருக்கும். இன்டெல் 82580இல் எண்ணி 40 பிட், 1099.5 செக்கனில், பதினெட்டு நிமிடத்துக்குச் சற்று மேல், சுற்றும். அதன் ட்ரைவர் 9 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி வாசிப்பது அதன் பாதிக்குள் நிற்பதற்காக.

மேக்கில் விழும் முத்திரைக்கும் கம்பிக்கும் நடுவே, கம்பியின் சமிக்ஞையைப் பிட்டாக மாற்றும் பிஎச்வை பகுதி இருக்கிறது. ஐ210இல் ஐஜிபி ட்ரைவர் இதற்குக் கழிக்கும் கூட்டும் எண்கள், 1000 மெகாபிட்டில் அனுப்ப 178, வாங்க 448 நானோசெக்கன். 100 மெகாபிட்டில் 1024, 2213. வேகம் மாறினால் எண்ணும் மாறும். கடற்கரையில் இது வெறும் அடிக்குறிப்பு அல்ல. திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக்குப் பெயரே அப்படி. அந்தப் பக்கத்துக் காற்றில் கேபிளின் ஆர்ஜே45 முனையில் உள்ள உலோகத் தொடுகைகள் அரிக்கப்பட்டு ஒரு சோடி தொடர்பிழந்தால், கிகாபிட்டுக்கு வேண்டிய நான்கு சோடியும் கிடைக்காமல் இணைப்பு 100க்கு இறங்கும். கோப்புகள் போய்வரும், பிங் வேலைசெய்யும், யாருக்கும் தெரியாது. திருத்தம் இல்லாத ட்ரைவரில் வாங்கும் முத்திரை மட்டும் 1.8 மைக்ரோசெக்கன் நகர்ந்துவிடும். அளக்குமுன் இணைப்பின் வேகத்தைப் பாருங்கள், பிறகு முனையை.

ஒரே புலம், இரண்டு அர்த்தம்

எஸ்கேபியின் டிஸ்டாம்ப் உள்ளே வரும்போது வந்த நேரம். 4.20 முதல், வெளியே போகும்போது அது புறப்படவேண்டிய நேரம். டிசிபி தன் வேகத்தைக் கட்டுப்படுத்த, இந்தப் பக்கெட் இத்தனை மணிக்குமுன் போகக்கூடாது என்று அதில் எழுதும். எஃப்க்யூ என்ற வரிசை ஒழுங்கமைப்பான் அதை வாசித்துப் பிடித்துவைக்கும். வந்த நேரம் ரியல்டைமில். புறப்படும் நேரம் மொனோடொனிக்கில்.

இப்போது ரௌட்டராக இருக்கும் ஒரு லினக்ஸ் பெட்டியை நினையுங்கள். பக்கெட் உள்ளே வந்து, வந்த நேரம் எழுதப்பட்டு, அப்படியே மறுபக்கத்து எஃப்க்யூவுக்குப் போகிறது. பெட்டி மூன்று நாளாக ஓடுகிறது என்றால் மொனோடொனிக் மணிக்கூட்டில் இப்போது 259,200 செக்கன். பக்கெட்டிலோ 1970இலிருந்து எண்ணிய 170 கோடிக்கும் மேற்பட்ட செக்கன். எஃப்க்யூ பார்க்கிறது: இந்தப் பக்கெட் இன்னும் ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் புறப்பட வேண்டுமாம். பிடித்துவைக்கிறது. பிந்திய கெர்னல்களில் 10 செக்கனுக்கு அப்பால் உள்ளதைத் தூக்கி எறிகிறது.

4.20 வந்த காலத்தில் இது உண்மையிலேயே நடந்தது. விசித்திரம் என்னவென்றால் பெட்டி பல மணிநேரம் ஒழுங்காக ஓடும். யாரோ ஒருவர் முத்திரை கேட்கும் சொக்கெட்டைத் திறந்தவுடன், முழுக் கணினிக்குமான ஸ்டாடிக் கீ எரிந்து, பக்கெட் கடத்தல் நின்றுபோகும். நேரத்தைச் சரியாக வைத்திருக்க ஓடவிட்ட நிரலே வலையமைப்பை நிறுத்தும். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஐபி கடத்தும் பாதையில் டிஸ்டாம்பை வெறுமையாக்கித் திருத்தினார்கள். பிரிட்ஜ் பாதையில் அதே பிழை மிச்சமிருந்தது, அதைப் பின்னால் திருத்தினார்கள். 5.18இல் மொனோ_டெலிவரி_டைம் என்ற ஒரு பிட் வந்து, உள்ளே இருப்பது புறப்படும் நேரமா வந்த நேரமா என்று எஸ்கேபியே சொல்லத் தொடங்கியது. பிந்திய கெர்னல்களில் அது டிஸ்டாம்ப்_டைப் ஆக விரிந்து, எந்த மணிக்கூடு என்பதையும் குறிக்கிறது.

உங்களுக்கு இதனால் வரும் வேலை: தனியாக எழுதிய மொட்யூலில் பக்கெட்டை வாங்கி டெவ்_க்யூ_எக்ஸ்மிட் மூலம் நேரே மறுபக்கம் தள்ளுகிறீர்கள் என்றால், தள்ளுமுன் எஸ்கேபி_கிளியர்_டிஸ்டாம்ப் கூப்பிடுங்கள். புறப்படும் நேரம் வைக்க எஸ்கேபி_செட்_டெலிவரி_டைம் பாவியுங்கள். புலத்தில் நேராக எழுதினால் எண் மாறும், அடையாளப் பிட் மாறாது. சோதிக்கும்போது வெளியே போகும் பக்கத்தில் எஃப்க்யூ இருக்கட்டும், டிசிபிடம்ப் தவிர முத்திரை கேட்கும் சொக்கெட் ஒன்றும் திறந்திருக்கட்டும். இரண்டும் சேராவிட்டால் பிழை வெளியே வராது.

எண்ணைப் பார்த்து நோயைச் சொல்வது

பிடித்த முத்திரைகளைக் கழித்துப் பாருங்கள். ஹார்ட்வேர் நேரம் சொஃப்ட்வேரைவிட 37 செக்கன் முந்தி நின்றால் கார்ட் டிஏஐயில் ஓடுகிறது. கெட்டுப்போனது ஒன்றும் இல்லை, கழித்துக்கொள்ளுங்கள். 19,800 என்றால் மதர்போர்ட் மணிக்கூடு. 4.29 செக்கன் பாய்ச்சல் ஒன்றுவிட்டொன்று வந்தால் 32 பிட் நீட்டல் பிழை. 1099.5 என்றால் 40 பிட் எண்ணியை யாரோ வாசிக்க மறந்திருக்கிறார்கள். ஹார்ட்வேர் நேரம் 1970 ஜனவரியில் நின்றால் கார்டின் மணிக்கூட்டை யாரும் இன்னும் வைக்கவில்லை. தொடர்ந்து வந்த பல பக்கெட்டுகள் 12.3 மைக்ரோசெக்கனுக்குப் பதில் சில நூறு நானோசெக்கன் இடைவெளியில் வந்ததாகக் காட்டினால் அது இன்டரப்ட் சேர்த்தடிப்பு. கம்பியில் அந்த வேகம் நடக்காது.

கொழும்பில் உள்ள கணினியோடு ஒருவழித் தாமதம் அளப்பவருக்கு இயற்கையே ஒரு கோல் தந்திருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளிக்குக் கிலோமீற்றருக்குச் சுமார் 5 மைக்ரோசெக்கன். திருகோணமலைக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டிலேயே 230 கிலோமீற்றருக்கு மேல். இழை வளைந்து நெளிந்து இன்னும் நீளமாகத்தான் போகும். ஒருவழிக்கு 1.15 மில்லிசெக்கனுக்குக் கீழே ஒரு விடை வந்தால் இரண்டு பக்கத்து மணிக்கூடும் ஒத்துப்போகவில்லை. எதிர்த்திசையையும் அளந்து இரண்டையும் கூட்டுங்கள்: இரண்டு மணிக்கூட்டுக்கும் இடையிலான விலகல் கூட்டலில் அடிபட்டுப்போய், சுற்றுத் தாமதம் சரியாக நிற்கும்.